கரும்பின் கணக்கறிந்த அம்மையார்

திருவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் என் தந்தையார் குத்தகைக்குப் பயிரிட்டிருந்த கரும்பு, நான் பள்ளியில் படித்தபோது செவ்வழுகல் நோயால் முழுவதும் அழிந்தது. ஒரு தூர்கூட மிஞ்சவில்லை. இராஜபாளையத்தில் நூற்பாலை வேலைக்குச் சென்றுதான் அவர் அந்தக் கடனை அடைத்தார். எல்லாத் தூரும் ஒன்றுபோல் ஏன் சாக வேண்டும்? எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய எனக்குத் தாவரவியல் வகுப்பில்தான் விடை கிடைத்தது. ஒரே ரகக் கரணை ஊன்றிய வயல் முழுவதும் உண்மையில் ஒரே செடிதான்! புது ரகம் பிறக்க வேண்டுமானால் கரும்பு பூத்து, வேறொன்றோடு கலந்து, விதை பிடிக்க வேண்டும்.

அந்தக் கலப்பின் கணக்கை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் டாக்டர் ஜானகி அம்மாள். 1897இல் தலைச்சேரியில் பிறந்தவர். சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றவர். வீட்டார் பேசிய திருமணத்தை விடுத்து, உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்றார். (இந்த வரியை என் அத்தைக்கு இருமுறை படித்துக் காட்டினேன்.) 1931இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

1934 முதல் 1939 வரை கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். அங்கே பார்பரும் வெங்கட்ராமனும் கரும்பைக் காட்டுப் பேய்க்கரும்போடு கலந்து உருவாக்கிய கோ 205 ரகம் 1918லேயே வெளிவந்திருந்தது. அம்மையார் நுண்ணோக்கியின் வழியே குரோமோசோம்களை எண்ணினார். தடித்த கரும்பில் 80. பேய்க்கரும்பில் இடத்துக்கு இடம் 40 முதல் 128 வரை. வெங்காய வேர்நுனியில் 16ஐ எண்ணுவதற்குள் எனக்குக் கண் பூத்துவிடுகிறது! கரும்பை மக்காச்சோளத்தோடும் அவர் கலந்து பார்த்தார். தூரத்து உறவில் பிறக்கும் கலப்பினத்தில் குரோமோசோம்களுக்கு இணை கிடைக்காவிட்டால் அது மலடாகும். எண்ணிக்கை இரட்டித்தால் இணை கிடைத்து, மீண்டும் விதை பிடிக்கக்கூடும். புதிய இனமே அவ்வழியில் தோன்றுவதுண்டு.

பின்பு இங்கிலாந்து சென்றார். பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் திரட்டி டார்லிங்டனுடன் எழுதிய பெருநூல் 1945இல் வெளிவந்தது. விஸ்லி தோட்டத்தில் கால்சிசின் கொண்டு மக்னோலியாவின் குரோமோசோம்களை இரட்டித்தார்; அவ்வகை ஒன்று இன்றும் அவர் பெயரால் பூக்கிறது. நேரு அழைக்க, 1951இல் தாயகம் திரும்பி இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைத்தார். 1977இல் பத்மஸ்ரீ. 1984 பிப்ரவரியில் மறையும்வரை மதுரவாயலில், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் உழைத்தார்.

இவ்வாண்டு என் தந்தையார் மீண்டும் கரும்பு நடுகிறார். ஒரே ரகம் வேண்டாம், இரண்டு வைப்போம் என்றேன். சற்று யோசித்துவிட்டு, கரணை வாங்க என்னையும் உடன் அழைத்துச் சென்றார்.