பாப் மார்லியின் கால் கட்டைவிரல்

பாப் மார்லியை உங்களுக்குத் தெரியாம இருக்காது. பாட்டு கேட்காதவங்ககூட சடைமுடியோட அந்த முகத்தை டி-ஷர்ட்ல பார்த்திருப்பீங்க. அவர் இறந்தப்போ வயசு வெறும் 36. காரணம், தோல் புற்றுநோய்.

கருப்பான தோலுக்கு அந்த நோயெல்லாம் வராதுன்னு நினைக்கிறீங்களா? அப்போ இது உங்களுக்கான கதைதான்.

1945 பிப்ரவரி 6-ல், ஜமைக்காவின் நைன் மைல் என்ற மலைக்கிராமத்தில் பிறந்தார். அம்மா கறுப்பினப் பெண், அப்பா வெள்ளைக்காரர். அப்பா கூட இருந்து வளர்க்கவில்லை. சின்ன வயசிலேயே அம்மாவோட தலைநகர் கிங்ஸ்டனுக்கு வந்து, ட்ரெஞ்ச்டவுன் என்ற ஏழைகள் பகுதியில் வளர்ந்தார். 1963-ல் நண்பர்களோட சேர்ந்து வெய்லர்ஸ் குழுவைத் தொடங்கினார். அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்துல ரெகே இசையை உலகம் முழுக்கக் கொண்டு போனார்.

1976 டிசம்பரில் அவர் வீட்டுக்குள்ளேயே புகுந்து சுட்டாங்க. மார்பிலும் கையிலும் காயம். ரெண்டே நாள்ல மேடை ஏறிப் பாடினார்!

துப்பாக்கிக்குத் தப்பிச்ச அந்த மனுஷன் ஒரு நகத்துக்கிட்ட தோத்துட்டார். அவருக்கு ஃபுட்பால்னா உயிர். 1977-ல் விளையாடும்போது வலது கால் கட்டைவிரலில் அடி பட்டது. புண் ஆறவே இல்லை. பரிசோதிச்சுப் பார்த்தா, நகத்துக்கு அடியில் மெலனோமா. விரலை எடுத்துடலாம்னு டாக்டர்கள் சொன்னாங்க. அவர் ஒத்துக்கலை. அவரோட ராஸ்தஃபாரி நம்பிக்கைதான் காரணம்னு பலரும் சொல்றாங்க. நகத்தையும் அதன் அடிச்சதையையும் மட்டும் எடுத்தாங்க.

அப்புறமும் மூணு வருஷம் ஓடி ஓடிப் பாடினார். 1980 செப்டம்பரில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஓடும்போது சுருண்டு விழுந்தார். புற்றுநோய் மூளை வரைக்கும் போயிருந்தது. ஜெர்மனியில் சிகிச்சை எடுத்தும் பலனில்லை. ஊருக்குத் திரும்பும் வழியில், 1981 மே 11-ல் மயாமியில் இறந்தார்.

இப்போ நம்ம விஷயத்துக்கு வருவோம். வெயிலின் புற ஊதாக் கதிர் தோல் செல்களோட டிஎன்ஏ-வைக் கெடுக்கும். நம்ம தோலில் இருக்கும் மெலனின் அதை ஓரளவு தடுக்கும். அதனால நமக்கு ஆபத்து குறைவு. குறைவுதான், இல்லவே இல்லைன்னு அர்த்தம் இல்லை. உச்சி வெயில்ல கிரவுண்டுக்குப் போறவங்க தொப்பி, முழுக்கை சட்டை, சன்ஸ்கிரீன் எல்லாத்தையும் விட்டுடாதீங்க.

ஆனா மார்லிக்கு வந்தது வேற வகை. உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடி என்று வெயில் அதிகம் படாத இடத்துல வருவது. கருப்பு நிறத்தவங்களுக்கு மெலனோமா வந்தா, பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களில்தான் வரும். இதுக்கு வெயில் முக்கியக் காரணம் இல்லை. அதனால சன்ஸ்கிரீன் இங்க உதவாது. நீங்களே பார்த்துக் கண்டுபிடிச்சாதான் உண்டு.

குளிக்கும்போது பாதத்தைத் திருப்பி ஒரு தடவை பாருங்க. நகத்துல கருப்புக் கோடு நம்ம ஆட்களுக்குச் சாதாரணமாவும் வரும், பயப்படாதீங்க. ஆனா ஒரே நகத்துல புதுசா வந்து அகலமாகிட்டே போனாலோ, கருப்பு நகத்தைத் தாண்டித் தோலுக்குப் பரவினாலோ, உள்ளங்கால் மச்சம் உருவம் மாறினாலோ, அடிபட்ட புண் வாரக்கணக்கில் ஆறாம இருந்தாலோ தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க. ஆரம்பத்திலேயே தெரிஞ்சா, சின்ன ஆபரேஷனோடயே முடிஞ்சுபோக வாய்ப்பு அதிகம்.