அயோத்திதாசப் பண்டிதர்: தங்க வயல் காத்த தமிழன்

கருநாடக மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் கோலார் தங்க வயல் என்னும் நகரம் உள்ளது. நகரின் இடையிடையே சாம்பல் நிற மண்மேடுகள் குன்றுகளைப் போல உயர்ந்து நிற்கின்றன. பாறையை இடித்துத் தூளாக்கிப் பொன்னைப் பிரித்தெடுத்த பின்னர்க் கொட்டப்பட்ட கழிவுகளே அம்மேடுகள். 1880 ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் என்னும் ஆங்கிலேய நிறுவனம் இங்குச் சுரங்கப் பணியை ஏற்றது. வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடிப் பல்லாயிரம் தமிழர்கள் இங்கு வந்து குடியேறினர். அவர்களுள் பலர் சொந்த ஊரில் நிலமும் மதிப்பும் இன்றி வாழ்ந்தவர்கள்.

பூமிக்குள் வெப்பம் மிகுந்த ஆழத்தில் அவர்கள் உழைத்தனர். பாறை சரிந்து உயிரிழந்தோர் பலர். 1902 ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்து சுரங்கப் பொறிகளை இயக்கியது. ஆயினும் தொழிலாளர்களின் குடியிருப்புகள் மூங்கில் தட்டிகளால் ஆன சிறு குடில்களாகவே இருந்தன. அத்தகைய குடில்களில் வாழ்ந்த மக்கள் ஓர் அறிஞரின் எழுத்துகளைத் தம் செல்வமாகப் போற்றினர். அவர் மறைந்த பின்னரும் அவற்றை அச்சிட்டுக் காத்தனர். அவ்வறிஞரே அயோத்திதாசப் பண்டிதர்.

இளமையும் கல்வியும்

அயோத்திதாசர் 1845 ஆம் ஆண்டு மே மாதம் 20 ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் காத்தவராயன். சமுதாயம் தாழ்ந்தவர் என ஒதுக்கி வைத்த ஒரு பிரிவில் அவர் பிறந்தார். ஆனால் அவருடைய குடும்பத்தில் கல்வி தழைத்திருந்தது. அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரியின் இல்லத்தில் பணிபுரிந்தவர். தம் வீட்டில் இருந்த திருக்குறள் ஓலைச்சுவடியை அவ்வதிகாரியின் வழியாக எல்லிஸ் துரையிடம் பாட்டனார் சேர்ப்பித்தார் என்னும் செய்தியை அயோத்திதாசரே எழுதியுள்ளார். கல்லாதவர் என்று இகழப்பட்ட மக்களின் வீட்டில் குறள் ஏடு காக்கப்பட்டிருந்தது என்பதை அவர் ஒருநாளும் மறக்கவில்லை.

காத்தவராயன், வல்லகாளத்தி அயோத்திதாசக் கவிராயர் என்னும் ஆசிரியரிடம் தமிழும் சித்த மருத்துவமும் கற்றார். ஆசிரியர்மீது கொண்ட மதிப்பினால் அவர் பெயரையே தம் பெயராக ஏற்றுக்கொண்டார். அவ்வாறு காத்தவராயன் அயோத்திதாசர் ஆனார். பிறப்பினால் வந்த பெயரை விடுத்துக் கல்வியினால் வந்த பெயரைச் சூடிக்கொண்டது அவர் வாழ்வின் முதல் மாற்றம் எனலாம். தமிழோடு வடமொழி, பாலி, ஆங்கிலம் ஆகிய மொழிகளையும் அவர் பயின்றார்.

மருத்துவர்

அயோத்திதாசரின் வாழ்வில் தொழில்கள் பல மாறின. மருத்துவம் மட்டும் அவரை விட்டு நீங்கவில்லை. சித்த மருத்துவராக அவர் பெரும்புகழ் பெற்றார். பிற்காலத்தில் தமிழ்த்தென்றல் எனப் போற்றப்பட்ட திரு.வி. கலியாணசுந்தரனார், சிறுவராக இருந்தபோது நோயினால் உடல் முடங்கித் துன்புற்றார். அவருக்கு மருத்துவம் செய்து நலமடையச் செய்தவர் அயோத்திதாசரே. அந்நன்றியைத் திரு.வி.க. தம் வாழ்க்கை வரலாற்று நூலில் பதிவு செய்துள்ளார். ஒருவரைத் தொடுவதே தீட்டு என்று பலர் கருதிய காலம் அது. அக்காலத்தில் நோயுற்றவர்கள் சாதி பாராமல் அவரைத் தேடி வந்தனர்.

மூடிய கதவு

அயோத்திதாசர் இளமைக் காலத்தில் நீலகிரியில் வாழ்ந்தார். 1870களில் அங்கு அத்வைதானந்த சபை என்னும் அமைப்பை நிறுவினார். எல்லா உயிர்களிலும் உறைவது ஒரே மெய்ப்பொருள் என்பது அத்வைதக் கொள்கை. அக்கொள்கையை உளமார நம்பி அவர் மக்களுக்குப் போதித்தார். உயிர்கள் அனைத்தும் ஒன்றே எனில், மனிதர்க்குள் உயர்வு தாழ்வு ஏன் என்னும் வினா அவர் உள்ளத்தில் வளர்ந்தது.

1885 ஆம் ஆண்டில் ஜான் ரத்தினம் என்னும் போதகருடன் இணைந்து திராவிடப் பாண்டியன் என்னும் இதழைத் தொடங்கினார். 1891 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டினார். ஒடுக்கப்பட்ட மக்களை இழிபெயரால் அழைப்பதைச் சட்டத்தால் தடுக்க வேண்டும்; அவர்தம் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் வேண்டும்; பொதுக் கிணறுகளிலும் குளங்களிலும் நீர் எடுக்கும் உரிமை வேண்டும் என்பன போன்ற தீர்மானங்கள் அங்கு நிறைவேற்றப்பட்டன.

அடுத்த ஆண்டில் சென்னை மகாஜன சபையின் கூட்டம் விக்டோரியா பொது மண்டபத்தில் நடைபெற்றது. நீலகிரியின் சார்பாளராக அயோத்திதாசர் அதில் கலந்துகொண்டார். சிவன் கோவிலிலும் திருமால் கோவிலிலும் தம் மக்களும் சென்று வழிபட இடம் தர வேண்டும் என்று அவர் கேட்டார். அவையில் கடும் எதிர்ப்பு எழுந்தது. அம்மக்களுக்கு வேறு சிறு தெய்வங்கள் உள்ளன என்று கூறி அவர் கோரிக்கை மறுக்கப்பட்டது.

அனைத்தும் ஒன்று எனத் தாம் நம்பிப் போதித்த சமயத்தின் வாயிலிலேயே தமக்கு இடமில்லை என்பதை அன்று அவர் கண்டார். வேறு ஒருவராயின் சினந்து வெளியேறியிருக்கலாம். அல்லது சோர்ந்து அமர்ந்திருக்கலாம். அயோத்திதாசரோ அதே அவையில் மேலும் இரண்டு கோரிக்கைகளை முன்வைத்தார். ஏழைப் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வி அளிக்க வேண்டும். பயன்படுத்தப்படாத தரிசு நிலங்களை நிலமற்றோர்க்கு வழங்க வேண்டும் என்பன அவை. அவ்விரண்டையும் அவை ஏற்றுக்கொண்டது. கோவிலின் கதவு மூடியபோதும் பள்ளியின் கதவைத் திறக்க அவர் முயன்றார்.

புதிய வழி

அக்காலத்தில் சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபையின் தலைவராக ஆல்காட் என்னும் அமெரிக்கர் வாழ்ந்தார். அவர் 1894 ஆம் ஆண்டு முதல் ஒடுக்கப்பட்ட குழந்தைகளுக்காக இலவசப் பள்ளிகளைத் தொடங்கி நடத்தினார். அயோத்திதாசர் அவருடன் தொடர்பு கொண்டார்.

பழந்தமிழ் நூல்களையும் பௌத்த நூல்களையும் ஆழ்ந்து கற்ற அயோத்திதாசர், தம் முன்னோர் பௌத்தர்களாக வாழ்ந்தவர்கள் என்னும் முடிவுக்கு வந்தார். 1898 ஆம் ஆண்டில் ஆல்காட்டுடன் இலங்கைக்குச் சென்றார். கொழும்பில் சுமங்கல நாயக தேரர் முன்னிலையில் பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தரானார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. சென்னைக்குத் திரும்பியதும் இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். பிறப்பினால் எவரும் உயர்ந்தவரும் அல்லர், தாழ்ந்தவரும் அல்லர்; ஒழுக்கமும் அறிவுமே ஒருவரை உயர்த்தும் என்னும் கருத்தைத் தம் சமய வாழ்வின் அடிப்படையாகக் கொண்டார்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இக்கருத்தை அவர் வலியுறுத்தினார். தம் மக்கள் பிறர் சூட்டிய இழிபெயரை ஏற்காமல், சாதிபேதமற்ற திராவிடர் என்று தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றார். தாம் யார் என்பதைத் தாமே கூறும் உரிமை எல்லா மனிதர்க்கும் உண்டு என்பது அவர் துணிவு.

இதழாசிரியர்

1907 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 19 ஆம் நாள், புதன்கிழமை, இராயப்பேட்டையிலிருந்து ஒரு புதிய வார இதழ் வெளிவந்தது. அதன் பெயர் ஒரு பைசாத் தமிழன். ஏழை எளியோரும் வாங்க வேண்டும் என்பதற்காக விலை ஒரு பைசாவாக வைக்கப்பட்டது. அவ்விலையே பெயரிலும் இடம்பெற்றது. ஓர் ஆண்டிற்குப் பின்னர் அவ்விதழ் தமிழன் என்னும் பெயருடன் வெளிவந்தது.

இதழைத் தொடங்கியபோது பண்டிதருக்கு வயது அறுபத்திரண்டு. பலர் ஓய்வை நாடும் அந்த அகவையில் அவர் புதியதொரு பணியை ஏற்றார். அரசியல், வரலாறு, இலக்கியம், மருத்துவம், வேளாண்மை எனப் பல பொருள்கள் குறித்து எழுதினார். இந்திரர் தேச சரித்திரம் என்னும் வரலாற்றுத் தொடரும், புத்தரின் வாழ்வைக் கூறும் ஆதிவேதமும் அவ்விதழில் வெளிவந்தன. இதழ் நடத்துவதில் பொருள் நெருக்கடி இருந்தது. ஆயினும் தம் இறுதிக்காலம் வரை அவர் எழுதுவதை நிறுத்தவில்லை.

தங்க வயலில் தமிழன்

தமிழன் இதழ் தமிழ்நாட்டின் எல்லையைக் கடந்தது. தமிழர் பிழைக்கச் சென்ற இடங்களுக்கெல்லாம் அதுவும் சென்றது. பெங்களூர், ஹூப்ளி, பர்மாவின் இரங்கூன், தென்னாப்பிரிக்காவின் டர்பன் ஆகிய நகரங்களில் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் தோன்றின. அவற்றுள் கோலார் தங்க வயலின் மாரிக்குப்பம், சாம்பியன் ரீப் ஆகிய இடங்களில் அமைந்த கிளைகள் வலிமை மிக்கவையாக விளங்கின.

ஊரை விட்டு வந்த தொழிலாளர்கள் பழைய இழிவையும் அங்கேயே விட்டுவர விரும்பினர். பண்டிதரின் எழுத்து அதற்கு வழி காட்டியது. எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சூழ்ந்து அமர்ந்து கேட்பது அக்கால வழக்கம். நாளெல்லாம் பாறையை உடைத்த கைகள் நூல்களைப் புரட்டத் தொடங்கின.

1914 ஆம் ஆண்டு மே மாதம் 5 ஆம் நாள் அயோத்திதாசப் பண்டிதர் மறைந்தார். அவருக்குப் பின் இதழ் சிறிது காலம் வெளிவந்து நின்றுபோயிற்று. ஆயினும் தங்க வயலின் மக்கள் அதனை மறக்கவில்லை. 1926 ஆம் ஆண்டில், தங்க வயலைச் சேர்ந்த ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு, சாம்பியன் ரீப்பிலிருந்து தமிழன் மீண்டும் வெளிவந்தது. அங்கு இயங்கிய சித்தார்த்த புத்தகசாலை, பண்டிதரின் நூல்களைப் பதிப்பித்துப் பரப்பியது. அறிஞர்கள் பலரும் அவரை மறந்திருந்த காலத்தில், சுரங்கத் தொழிலாளர்களின் நகரம் அவரை நினைவில் வைத்திருந்தது.

2001 ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் சுரங்கங்கள் மூடப்பட்டன. அங்குத் தோண்டிய பொன் எங்கெங்கோ சென்றுவிட்டது. அம்மக்கள் காத்த எழுத்துகளோ இன்று பல்கலைக்கழகங்களில் ஆராயப்படுகின்றன. 2005 ஆம் ஆண்டில் இந்திய அரசு பண்டிதரின் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. சென்னை தாம்பரத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அயோத்திதாசரின் பெயர் மாறியது; பணிகள் மாறின; சமயமும் மாறியது. மனிதரை மனிதர் மதிக்க வேண்டும் என்னும் நோக்கம் மட்டும் மாறவில்லை. ஒரு கதவு மூடியபோதெல்லாம் மற்றொரு கதவை அவர் தேடிச் சென்றது அந்நோக்கத்திற்காகவே. பிறந்த மண்ணை விட்டு வேறு மாநிலத்தில் வாழும் நமக்கும் அவர் வாழ்வு ஒன்றை உணர்த்துகிறது. வாழும் இடம் மாறலாம், செய்யும் தொழில் மாறலாம். கற்ற கல்வியையும் கொண்ட நோக்கத்தையும் எவ்விடத்திற்கும் உடன் எடுத்துச் செல்லலாம்.

பயிற்சிகள்

அ. சொற்பொருள் அறிக

ஓலைச்சுவடி – பனையோலையில் எழுதப்பட்ட நூல்
தரிசு – பயிரிடப்படாத நிலம்
அகவை – வயது
பஞ்சசீலம் – பௌத்தர் கடைப்பிடிக்கும் ஐந்து ஒழுக்கங்கள்
தேரர் – பௌத்தத் துறவி
துணிவு – உறுதியான கருத்து

ஆ. கோடிட்ட இடங்களை நிரப்புக

1. அயோத்திதாசரின் இயற்பெயர் ____________.
2. ஒரு பைசாத் தமிழன் வெளிவரத் தொடங்கிய ஆண்டு ____________.
3. தமிழன் இதழ் 1926 ஆம் ஆண்டில் ____________ என்னும் இடத்திலிருந்து மீண்டும் வெளிவந்தது.

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக

1. காத்தவராயன் தம் பெயரை ஏன் மாற்றிக்கொண்டார்?
2. சென்னை மகாஜன சபை அவருடைய எக்கோரிக்கைகளை ஏற்றது? எதனை மறுத்தது?
3. இதழின் விலை ஒரு பைசாவாக வைக்கப்பட்டதன் காரணம் யாது?

ஈ. சிந்தித்து எழுதுக

தங்க வயல் தொழிலாளர்கள் பண்டிதரின் எழுத்துகளைத் தம் செல்வமாகக் கருதியது ஏன்? ஒரு பத்தி அளவில் எழுதுக.

உ. செயல்பாடு

உங்கள் குடும்பத்தினர் எந்த ஊரிலிருந்து, எப்போது, எத்தொழிலுக்காக இங்கு வந்தனர் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு அறிக. வரும்போது அவர்கள் உடன் கொண்டுவந்து இன்றும் காத்துவரும் ஒன்றைப் பற்றிப் பத்து வரிகளில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.