ஏடா லவ்லேஸ் அம்மையார்

நம் பல்கலைக்கழகத்துத் தமிழ் மாணவர் சிலர் இப்போது புதுவகைக் கலையொன்றில் ஈடுபட்டிருக்கின்றனர். தூரிகையின்றி, கணிப்பொறியில் நிரல் எழுதிக் கோலம் வரைகின்றனர். திரையின் முன் நின்று நாம் கையசைத்தால் கோலத்தின் இழைகளும் உடன் அசைகின்றன. இது படிப்பா, விளையாட்டா என்று கேட்பவர் உளர். அவர்களுக்கு நான் தரும் விடை ஓர் ஆங்கிலப் பெண்மணியின் வரலாறு.

பெயர் ஏடா. தோழனை விளிப்பதுபோல் இருக்கிறதே என்று விடுதி நண்பர்கள் நகைத்தார்கள், நகைக்கட்டும். 1815 டிசம்பர் 10-ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தை, பெரும் புகழும் அவ்வளவு பழியும் பெற்ற கவிஞர் பைரன் பிரபு. குழந்தை பிறந்து ஒரு திங்கள் கடந்ததும் தாய் கணவரைப் பிரிந்தார். நாட்டைவிட்டே சென்ற தந்தை 1824-இல் கிரேக்க நாட்டில் மாண்டார். மகளை மீண்டும் கண்டாரில்லை. கவிதைப் பித்து மகளையும் பற்றிவிடுமோ என்று அஞ்சிய தாய் அவருக்குக் கணிதத்தை ஊட்டி வளர்த்தார். கணிதம் கற்பனையை அடக்கிவிடும் என்று எண்ணினார் போலும்! பன்னிரண்டு வயதிலேயே மகள் இறக்கை செய்து பறக்கத் திட்டம் தீட்டத் தொடங்கிவிட்டார்.

1833-இல் சார்லஸ் பாபேஜின் நட்புக் கிடைத்தது. பல்சக்கரங்களால் கணக்கிடும் அவருடைய பொறி இவரைக் கவர்ந்தது. மணமாகி மூன்று குழந்தைகளுக்குத் தாயான பின்னும் படிப்பை விடவில்லை. 1840 முதல் கடித வழியாகக் கணிதம் கற்பித்தவர் டி மார்கன். தருக்கவியலில் நாம் உருப்போடுகிறோமே, அவ்விதிகளுக்கு உரியவரேதான். அவர் 1806-இல் பிறந்த ஊர் மதுரை! கைக்குழந்தையாகவே இங்கிலாந்து போய்விட்டவர்தாம். எனினும் உரிமை கொண்டாடாமல் விட எனக்கு மனம் வரவில்லை. ஆனால், ஆழ்ந்த கணிதத்தைப் பெண்ணுடல் தாங்காது என்று அவரே ஏடாவின் தாய்க்கு எழுதினார். அதில் எனக்கு அவர்மீது வருத்தந்தான்.

பாபேஜ் அடுத்துத் திட்டமிட்ட பகுப்புப் பொறியைப் பற்றி மெனபிரியா என்னும் இத்தாலியர் பிரெஞ்சு மொழியில் எழுதிய கட்டுரையை ஏடா 1843-இல் ஆங்கிலமாக்கினார். அதனைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு குறிப்புகளைத் தாமே சேர்த்தார். பெயரின் முதலெழுத்துக்களை மட்டும் இட்டார். பெர்னூலி எண்களைப் பொறி படிப்படியாகக் கணிக்கும் முறை அதில் உண்டு. என் உள்ளம் நின்றதோ வேறோர் இடத்தில்.

ஜக்கார்டு தறியைக் காஞ்சிபுரத்தார் அறிவர். அட்டையில் துளையிருந்தால் அதற்குரிய பாவிழை உயரும். இல்லையேல் தாழ்ந்தே கிடக்கும். ஊடை ஓடப் பூ மலரும். அத்தகைய அட்டைகளையே பாபேஜ் தம் பொறிக்கும் வகுத்திருந்தார். தறி மலரை நெய்வதுபோல் இப்பொறி இயற்கணித வடிவங்களை நெய்யும் என்று கண்டவர் ஏடா. இசையின் சுரங்களுக்கிடையேயுள்ள உறவுகளை விதியாக்க முடிந்தால் பொறி இசையும் அமைக்கக்கூடும் என்றார். பாபேஜோ பெரும்பாலும் எண்களையே கண்டார். பொறி தானாக எதையும் தோற்றுவிக்காது, நாம் கட்டளையிட அறிந்ததையே செய்யும் என்றும் அவ்வம்மையார் தெளிவாக எழுதினார். கோல நிரல் எழுதும் நண்பரைக் கேளுங்கள்: புள்ளியைச் சுற்றும் விதியைத் தாம் அறியாதவரை திரையில் ஒரு சுழியும் விழாது.

பகுப்புப் பொறி அவர் காலத்தில் உருப்பெறவில்லை. புற்றுநோயால் வாடி, 1852 நவம்பர் 27-ஆம் நாள், தந்தை இறந்த அதே முப்பத்தாறாம் வயதில் மறைந்தார். அவர் விருப்பப்படி ஹக்னல் ஊர்த் தேவாலயத்தில், நினைவறிந்து கண்டிராத தந்தையின் அருகே அடக்கம் செய்தனர்.