பாலவநத்தத்துப் பாண்டித்துரையார்

அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகர் செல்லும் சாலையில் பாலவநத்தம் என்னும் ஊர் இருக்கிறது. சுற்றிலும் கரிசல். பருத்தியும் கம்பும் சோளமும் வானத்தை நம்பி விளையும் நிலம். கிழக்கே திருச்சுழியில் குண்டாறு ஓடுகிறது. ஓடும் நாள்களைவிட மணலாய்க் கிடக்கும் நாள்களே மிகுதி. ஆகவே இந்நாட்டார் ஆற்றை நம்பாமல் கண்மாயை நம்பினர். சில நாள் பெய்யும் மழையைக் கரை கட்டித் தேக்கி, மடை வைத்து, ஆண்டு முழுவதும் அளந்து விடுவது அவர்தம் வாழ்க்கை. பெய்த நீர் பெருமழையாயினும் கரையில்லையேல் ஒரு பகலில் மண்ணுக்குள் போய்விடும் என்பதை இம்மண்ணிற் சிறுபிள்ளையும் அறியும்.

அவ்வூரைத் தலைமையாகக் கொண்ட ஜமீனுக்கு உரியவராய் 1867ஆம் ஆண்டு மார்ச்சு 21ஆம் நாள் பிறந்தவர் பாண்டித்துரைத் தேவர். தந்தையார் பொன்னுசாமித் தேவர் இராமநாதபுரம் அரசர் முத்துராமலிங்க சேதுபதியின் தமையனார். அரசியலை நடத்திய அமைச்சரும் அவரே. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரைக் கொண்டு திருக்கோவையார், திருக்குறட் பரிமேலழகர் உரை முதலியன அச்சேற உதவிய பெருமை அவருக்கு உண்டு. புலவர் கூட்டம் அவர் வாயிலில் ஓய்ந்ததில்லை. 1870இல் அவர் மறைந்தார். மகனுக்கு அப்போது வயது மூன்று.

தந்தையின் கொடையைக் கண்ணாற் காணாத பிள்ளை, அக்கொடையின் புகழைக் காதாற் கேட்டு வளர்ந்தார். ஆனால் கொடுத்தவர் போனதும் நாடி வந்த புலவர்களின் கதி என்னவாயிற்று என்பதும் அவர் காதுக்கு எட்டாமல் இருந்திருக்காது. வள்ளல் ஒருவரை நம்பிய தமிழ், வள்ளலின் ஆயுளோடு கட்டுண்ட தமிழ்.

தேவரும் தொடக்கத்தில் தந்தையின் வழியிலேயே சென்றார். உ.வே. சாமிநாதையர் புறப்பொருள் வெண்பாமாலையையும் மணிமேகலையையும் பதிப்பிக்கப் பொருளுதவி செய்தார். தாமும் பாடினார், பழம்பாடல்களைப் பொருள்வாரியாகத் தொகுத்துப் பன்னூற்றிரட்டு என்னும் நூலாக்கினார். இராமநாதபுரத்தில் அவர் வாழ்ந்த சோமசுந்தர விலாசம் புலவர்களின் வீடாகவே இருந்தது. அவருடைய உறவினரும் உற்ற துணைவருமான பாஸ்கர சேதுபதி, விவேகானந்தர் சிகாகோ செல்லத் துணை நின்றவர். கேட்டார்க்கெல்லாம் கொடுத்துக் கடனில் ஆழ்ந்தவர். எல்லையற்ற கொடை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தேவர் தம் குடும்பத்துக்குள்ளேயே கண்டார்.

1901இல் மதுரைக்குச் சொற்பொழிவாற்ற வந்தபோது கம்பராமாயணமும் திருக்குறளும் வேண்டிக் கேட்க, சங்கம் வளர்த்த அந்நகரில் அவை எளிதிற் கிடைக்கவில்லை என்பர். தம் செலவிலே நூறு படிகள் வாங்கி ஊர்க்கு வழங்கியிருந்தால் அன்றைய குறை தீர்ந்திருக்கும். வள்ளல் என்ற பெயரும் வந்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. அவ்வாண்டு செப்டம்பர் 14ஆம் நாள் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் நான்காம் தமிழ்ச்சங்கத்தைத் தோற்றுவித்தார். பாஸ்கர சேதுபதி உறுதுணையாய் நின்றார். உ.வே. சாமிநாதையர், பரிதிமாற் கலைஞர், இரா. இராகவையங்கார், அரசஞ் சண்முகனார் முதலிய புலமையாளர் பலர் அதனோடு இணைந்தனர்.

அச்சங்கத்தின் அமைப்பைக் கவனித்தால் தேவரின் கருத்து விளங்கும். புலவர்க்குப் பரிசளிக்கும் மண்டபமாக மட்டும் அதனை அவர் அமைக்கவில்லை. சேதுபதி செந்தமிழ்க் கலாசாலை, பாண்டியன் புத்தகசாலை, அச்சுக்கூடம், செந்தமிழ் என்னும் திங்களிதழ், தமிழ்த் தேர்வுகள் என ஒன்றுக்கொன்று நீர் பாய்ச்சும் மடைகளாக அவற்றை வகுத்தார். தாம் திரட்டிய நூல்களைப் புத்தகசாலைக்கு வழங்கினார். பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்னும் தேர்வுகளில் தேறியவர் ஊர்ப்பள்ளிகளில் தமிழாசிரியராய் அமர்ந்தனர். வாயிலிற் காத்து நின்ற புலவனுக்கு ஒரு மாதச் சம்பளமும் மேசையும் கிடைத்தன. அரசர் முதல் வழக்கறிஞர் வரை பலர் கைகொடுத்த பொதுச்சபையாக இருந்ததால், அதனைத் தாங்கும் பொறுப்பு ஒருவர் தலைமேல் மட்டும் இல்லாதாயிற்று.

இந்த முறை இவ்வட்டாரத்துக்குப் புதிதுமன்று. அருப்புக்கோட்டை வணிகர்கள் தாம் விற்கும் சரக்கின்மேல் சிறு தொகையை மகமையென ஒதுக்கிப் பொதுநிதி சேர்த்தனர். அந்நிதியே கோயிலுக்கும் பள்ளிக்கும் ஊன்றுகோலாயிற்று. ஜமீன்தார் ஒருவர் அரண்மனைக் கொடையை விடுத்து அத்தகைய பொதுமுறையை நோக்கி வந்ததே வியப்புக்குரியது. ஒன்றை மறைக்காமற் சொல்ல வேண்டும். அவர் ஈந்த பொருளிற் பெரும்பகுதி வானம் பார்த்த நிலத்தில் உழுதவர் கட்டிய தீர்வை. அவர்களுட் பலர் செந்தமிழ் இதழைப் புரட்டிப் பார்த்தவரல்லர்.

திருக்குறளைத் தம் மனம்போல் திருத்தி அச்சிட்ட ஒருவரின் படிகளை விலைகொடுத்து வாங்கி அழித்தார் என்னும் கதையை மேடைதோறும் கேட்கிறோம். சுவையான கதைதான். ஆயினும் அழித்த நூலை நினைப்போர் அவர் அளித்த நூல்களை மறந்துவிடுகின்றனர். சென்னைப் பச்சையப்பன் கல்வி நிலையத்தில் ஆசிரியராய் இருந்த ஆ. சிங்காரவேலு முதலியார், பல்லாண்டு உழைத்துத் தொகுத்த அபிதான சிந்தாமணியைத் தூக்கிக்கொண்டு செல்வர் பலரிடம் நடந்தார், கையேந்தி ஓய்ந்தார். செய்தி அறிந்த தேவர் அதனை ஏற்க, 1910இல் அப்பெருநூல் மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் வழி வெளிவந்தது.

எல்லா முயற்சியும் நிலைக்கவில்லை. 1906இல் வ.உ. சிதம்பரனார் நிறுவிய சுதேசிக் கப்பற் கம்பெனிக்குத் தேவரே தலைவர். இருபத்தைந்து ரூபாய்ப் பங்குகளாக நாற்பதாயிரம் பங்குகள், பத்து இலட்சம் ரூபாய் மூலதனம் என வகுத்த அதுவும் பலர் கூடிச் சேர்த்த நிதிதான். ஆனால் ஆங்கிலேயரின் கட்டணப் போட்டியும் ஆட்சியின் அடக்குமுறையும் அதனை நெரித்தன. 1908இல் சிதம்பரனார் சிறைப்பட்டார். 1911இல் கம்பெனி கலைந்தது. அவ்வாண்டே டிசம்பர் 2ஆம் நாள் தேவரும் காலமானார். வயது நாற்பத்து நான்கு.

அன்று சங்கத்துக்கு வயது பத்து. இராமநாதபுரத்து இராசராசேசுவர சேதுபதி போன்றோர் அதனைத் தாங்கினர், செந்தமிழ் இதழ் தொடர்ந்தது, தேர்வுகள் நடந்தன. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்து, பாலவநத்தம் ஜமீன் என்பது பழங்கணக்கில் ஒரு பெயராயிற்று. மதுரையில் தமிழ்ச்சங்கமும் செந்தமிழ்க் கல்லூரியும் இருந்தன. 2001இல் சங்கம் நூறாண்டைக் கண்டது.

யாழ்ப்பாணத்துக் கு. கதிரைவேற்பிள்ளை தொகுத்த அகராதி ஒன்று உண்டு. தம் உழைப்பு முழுமையாய் அச்சேறுவதைக் காணாமலே அவர் 1904இல் மறைந்தார். தமிழ்ச்சங்கம் அதனை ஏற்று 1910இல் முதற்பாகத்தை வெளியிட்டது. அடுத்த ஆண்டு தேவர் போனார். சங்கத்து அச்சுப்பணி நிற்கவில்லை. அகராதியின் இறுதிப் பாகம் 1923இல் வெளிவந்தது.