கடைசிக் குழாய் வரை

மலர்க் குழுவிலிருந்து நண்பன் போன் செய்து, உன் தொழில் சம்பந்தமாக ஏதாவது எழுதிக்கொடு, ஆனால் போரடிக்காமல் இருக்கணும் என்றான். என் தொழில் குழாய் பதிப்பது. குடிநீர்த் திட்டங்களில் பதினான்கு வருஷமாகக் குழாயும் வால்வும் பம்புமாகவே காலம் ஓடுகிறது. அதைப் பற்றி எழுதினால் போரடிக்கும். அதனால் குழாய் பதித்த ஒரு பாதிரியாரைப் பற்றி எழுதலாம் என்று முடிவு செய்தேன். அவர் இறந்து நூற்று முப்பது வருஷங்களுக்கு மேலாகிறது. பெயர் டேமியன். நம் ஊர்க் கோவில்களில் தமியான் என்பார்கள்.

அவரை நான் முதலில் சந்தித்தது நம் கல்லூரி நூலகத்தில்தான். கடைசி வருஷம், ஸ்டடி ஹாலிடேஸ். பாடப் புத்தகத்தை விரித்து வைத்துவிட்டு வேறு எதையாவது படிப்பது நம்மில் பலருக்கும் கைவந்த கலை. அப்படி ஒரு மத்தியானம் கையில் அகப்பட்டது, தாள் உதிர்ந்துகொண்டிருந்த ஒரு பழைய வாழ்க்கை வரலாறு. படித்தேன், நெகிழ்ந்தேன். பரீட்சை வந்தது, மறந்துவிட்டேன். மறுபடியும் அவர் ஞாபகத்துக்கு வந்த கதையைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அவர் கதை.

பெல்ஜியம் நாட்டில் ட்ரெமெலோ என்ற கிராமத்தில் 1840 ஜனவரி 3-ஆம் தேதி பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் யோசப் தெ வெஸ்டர். அப்பா விவசாயி, தானிய வியாபாரமும் உண்டு. பையன் வியாபாரத்தைப் பார்த்துக்கொள்வான் என்று நினைத்தார்கள். அவனோ அண்ணன் போன வழியில் மடத்தில் சேர்ந்து தமியான் என்று பெயர் வாங்கிக்கொண்டான். பெரிய படிப்பாளி இல்லை. ஆனால் உடம்பில் நல்ல பலம், கையில் தச்சு வேலை.

அண்ணனை ஹவாய்த் தீவுகளுக்கு அனுப்புவதாக இருந்தது. புறப்படும் சமயத்தில் அண்ணனுக்கு டைபஸ் காய்ச்சல். தம்பி பாரிஸிலிருந்த தலைமைக்கு நேராகவே கடிதம் போட்டு, அந்த இடத்தைத் தனக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். நாலு மாதத்துக்கு மேல் கப்பலில் பயணம் செய்து 1864 மார்ச் 19-இல் ஹொனலூலுவில் இறங்கினார். இரண்டு மாதத்தில் குருப்பட்டம். அடுத்த ஒன்பது வருஷம் பெரிய தீவில் எரிமலை மண்ணில் நடந்து ஊர் ஊராகப் போனார். கோவில் இல்லாத இடத்தில் மரம் அறுத்துத் தானே கட்டினார்.

அந்தச் சமயத்தில் ஹவாயில் தொழுநோய் பரவிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து வந்த நோய்களைத் தாங்கும் சக்தி அந்த மக்களுக்கு இல்லை. மருந்தும் இல்லை. பயந்துபோன அரசு 1865-இல் ஒரு சட்டம் போட்டது. நோய் கண்டவர்களைப் பிடித்து மொலோக்காய் தீவில் ஒரு முனையில் கொண்டுபோய் விட்டார்கள். மூன்று பக்கம் கடல். நாலாவது பக்கம் 600 மீட்டருக்கும் மேல் செங்குத்தான மலை. சுவர் கட்டாமலே சிறை. 1866-இல் தொடங்கி, கட்டாயத் தனிமை 1969-இல் நீங்கும் வரை எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே அனுப்பப்பட்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தமியான் போவதற்கு முன்பே அந்த இடத்துக்கு விரும்பிப் போனவர்கள் உண்டு. நோய் இல்லாத மனைவிமார், கணவன்மார், பெற்றோர், தன் ஆளைத் தனியே விட மனமில்லாமல் கூடவே கப்பல் ஏறினார்கள். அவர்கள் பெயரெல்லாம் எந்தப் புத்தகத்திலும் பெரிய எழுத்தில் இல்லை. அன்பு என்பதை அந்த ஊருக்கு முதலில் கொண்டுவந்தவர் தமியான் அல்ல. அவரே இதைக் கேட்டால் ஒத்துக்கொள்வார் என்றுதான் நினைக்கிறேன்.

1873 மே மாதம், ஒரு கோவில் திறப்பு விழாவுக்குக் குருக்கள் கூடியிருந்தபோது, ஆயர் மெய்க்ரே அந்த நோயாளிகளைப் பற்றிப் பேசினார். யாரையும் அங்கே நிரந்தரமாகப் போகச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. நாலு பேர் முறை வைத்துப் போகிறோம் என்று முன்வந்தார்கள். முதல் முறை தமியானுக்கு. மே 10-ஆம் தேதி கரை இறங்கினார். வயது 33. அடுத்த ஆளுக்கு முறை வரவே இல்லை. இவர் திரும்பவில்லை.

தங்க வீடு கிடையாது. முதல் சில வாரங்கள் ஒரு தாழை மரத்தடியில் படுத்தார். அறுநூறு பேருக்கு மேல் நோயாளிகள், நிரந்தரமாக ஒரு டாக்டர் கிடையாது. புண்ணின் நாற்றம் தாங்காமல் ஆரம்பத்தில் குடிசைக்குள் நுழையவே திணறினார். அதை மறைக்கப் புகையிலைக் குழாய் பிடிக்கத் தொடங்கினார். மகான் என்றால் மூக்கு வேலை செய்யாது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அவருக்கும் குமட்டியது. குமட்டலோடு உள்ளே போனார். அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் அந்தப் புத்தகத்தை இரண்டாம் முறை படித்தபோது என்னை நிறுத்திய இடம் தண்ணீர் விஷயம். நோயாளிகள் தண்ணீரைத் தூரத்திலிருந்து சுமந்து வர வேண்டியிருந்தது. விரல் மழுங்கிப்போன கையோடு, புண் வந்த காலோடு. அதனால் குளிப்பதும் துணி துவைப்பதும் அபூர்வம். அழுக்கில் புண் இன்னும் மோசமாகும். ஊரே நாறியதற்குப் பாதிக் காரணம் நோய் இல்லை, தண்ணீர் இல்லாததுதான். இதைப் பார்க்க வேதசாஸ்திரம் வேண்டாம், கண் போதும். அரசிடமிருந்து குழாய்கள் வந்ததும், உடம்பில் தெம்பு இருந்த நோயாளிகளைக் கூட்டிக்கொண்டு தானும் இறங்கிப் பதித்தார்.

அதோடு விடவில்லை. இந்த ஊற்று கோடையில் வற்றிவிட்டால் என்ன செய்வது என்று நம் லைனில் இருக்கிற யாரும் கேட்கிற கேள்வியை அவரும் கேட்டார். பள்ளத்தாக்கு ஒன்றின் மேல் கோடியில் வற்றாத நீர்நிலை இருப்பதாகக் கேள்விப்பட்டு, சில பையன்களைக் கூட்டிக்கொண்டு ஏறிப்போய்ப் பார்த்தார். கிட்டத்தட்ட வட்டமான ஒரு இயற்கைக் குளம். பார்த்து மகிழ்ந்துவிட்டு வரவில்லை, அளந்தார். ஒரு பக்கம் 72 அடி, இன்னொரு பக்கம் 55 அடி, ஆழம் 18 அடி. இந்த அளவுகளைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ஒரு சைட் என்ஜினீயர் சர்வே நோட்டில் எழுதுகிற மாதிரியே இருந்தது.

1874-இல் ஒரு சூறைக்காற்று குடிசைகளில் பெரும்பாலானவற்றைச் சாய்த்துப் போட்டது. அவர் அதிகாரிகளைத் துளைத்தெடுத்து மரம் வரவழைத்தார். மரம் வந்ததும் ரம்பமும் சுத்தியலும் எடுத்து வீடு கட்டினார். அனாதைக் குழந்தைகளுக்கு விடுதி அமைத்தார். கோவிலைப் பெரிதாக்கினார். வாயில் எச்சில் நிற்காத நோயாளிகள் வெட்கப்பட்டு வழிபாட்டுக்கு வராமல் இருந்தார்கள். தரைப் பலகையில் ஆங்காங்கே துளை போட்டுவிட்டார், அதில் துப்பிக்கொள்ளலாம். வந்தார்கள். நாம் டிசைன் வகுப்பில் படித்ததெல்லாம் இந்தத் துளைக்குள் அடங்கிவிடும்.

செத்தவர்களை முன்பெல்லாம் ஏனோதானோ என்று புதைத்தார்கள். ஆழம் இல்லாத குழி, பெட்டி இல்லை. அவர் நூற்றுக்கணக்கில் சவப்பெட்டி செய்தார், கல்லறைத் தோட்டத்துக்கு வேலி போட்டார். சாவுக்கு மரியாதை வந்ததும் வாழ்வுக்கும் ஒரு மரியாதை வந்துவிட்டது. பாட்டுக் குழு வந்தது. விரல் இழந்தவர்கள் சேர்ந்து பேண்டு வாசித்தார்கள்.

சேப்பங்கிழங்கை வேகவைத்து இடித்துச் செய்யும் களி அந்த ஊர்ச் சாப்பாடு. ஒரே பாத்திரத்தில் எல்லோரும் கைவிட்டுச் சாப்பிடுவார்கள். அவரும் அதில் கைவிட்டார். தன் புகைக்குழாயைக் கேட்டவர்களுக்குக் கொடுத்து வாங்கினார். பிரசங்கத்தில் நோயாளிகளை நீங்கள் என்று தள்ளி வைக்காமல், நாம் என்று தன்னையும் சேர்த்துப் பேசினார். அப்போது அவருக்கு நோய் இல்லை.

அதற்காக அவரைச் சாந்த சொரூபி என்று நினைத்துவிட வேண்டாம். முன்கோபி, பிடிவாதக்காரர். சாராயம் காய்ச்சும் இடத்துக்குக் கம்போடு போவார். மரம் கேட்டு, துணி கேட்டு, பணம் கேட்டு அதிகாரிகளுக்கும் சபைத் தலைவர்களுக்கும் ஓயாமல் கடிதம் எழுதித் தொந்தரவு செய்தார். அவரோடு வேலை பார்த்த சிலருக்கு அவரைப் பிடிக்கவில்லை. தனிமையும் அவரை வாட்டியது. ஒரு முறை அவருடைய சபைத் தலைவர் கப்பலில் வந்தபோது, தொற்றுச் சட்டம் காரணமாக இறங்க அனுமதிக்கவில்லை, இவரையும் மேலே ஏற விடவில்லை. படகில் நின்றபடியே, கப்பலில் இருந்தவர்கள் காதில் விழுமாறு, பிரெஞ்சில் உரக்கக் கத்திப் பாவசங்கீர்த்தனம் செய்தார் என்பது பலரும் அறிந்த சம்பவம்.

1884 டிசம்பரில் ஒரு நாள் காலை வெந்நீரில் வைத்தார். கொப்புளம் போட்டுவிட்டது, ஆனால் சுடவில்லை. உணர்ச்சி போய்விட்டது என்று புரிந்தது. அதன் பிறகு இன்னும் வேகமாக வேலை பார்த்தார். 1886-இல் ஜோசப் டட்டன் என்ற அமெரிக்கர் உதவிக்கு வந்தார், முன்னாள் போர் வீரர். 1888 நவம்பரில் மரியான் கோப் என்ற அருள்சகோதரி துணைவர்களோடு வந்து சேர்ந்தார். பொறுப்பை ஒப்படைக்க ஆள் கிடைத்த நிம்மதியோடு 1889 ஏப்ரல் 15-ஆம் தேதி இறந்தார். வயது 49. முதலில் படுத்த தாழை மரத்தடியிலேயே புதைத்தார்கள். 1936-இல் உடலை பெல்ஜியத்துக்குக் கொண்டுபோனார்கள். 1995-இல் வலது கையை மட்டும் மொலோக்காய்க்குத் திருப்பிக் கொடுத்தார்கள். ரம்பம் பிடித்த கை. 2009 அக்டோபர் 11-இல் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்.

இப்போது என் கதை. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கோவில் தவறாது. நானும் தவறுவதில்லை. ஆனால் ஞாயிறு வேறு, திங்கள் வேறு என்றுதான் இருந்தேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு சிற்றூருக்குக் குடிநீர்த் திட்டம் முடித்துக் கொடுத்தோம். மேல்நிலைத் தொட்டி நிரம்பியது, தொட்டிப் பக்கம் அழுத்தம் சரியாக இருந்தது. கடைக்கோடித் தெருவரை நடந்து பார்க்க வேண்டியது என் வேலை. நல்ல வெயில். பார்க்காமலே பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு வருஷம் கழித்து அதே ஊருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். மண்டபம் கடைக்கோடித் தெருவுக்குப் பக்கம். நான் பதித்த குழாயடியில் காலிக் குடம் ஒன்றுகூட இல்லை. யாரும் அதை நம்பவே இல்லை என்று அர்த்தம். வெயிலில் நின்ற என்னைப் பார்த்து ஒரு பாட்டி திண்ணையில் உட்காரச் சொல்லி, சொம்பில் தண்ணீர் கொடுத்தார். எங்கிருந்து எடுத்து வந்தீங்க பாட்டி என்று கேட்டேன். ஊருக்கு வெளியே ஒரு வயல் கிணறு. அந்த வயதில் அவ்வளவு தூரம் சுமந்த தண்ணீரை யாரென்றே தெரியாத எனக்குக் கொடுத்தார். குழாய் போட்டது நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்கின விதம் இன்னும் மறக்கவில்லை.

அன்றைக்கு ராத்திரிதான் தமியான் ஞாபகத்துக்கு வந்தார். மறுநாள் லீவு சொல்லிவிட்டு லைன் முழுக்க நடந்தேன். வழியில் ஒரு மேடு, அங்கே காற்று அடைத்துக்கொண்டிருந்தது. ஏர் வால்வு ஒன்று வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. மேலே பேசி, தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்து, பத்து நாளில் வால்வு மாட்டினோம். மாட்டின வேலை அரை நாள். நான் நடக்காமல் விட்டதால் அந்தத் தெரு சுமந்தது ஒரு வருஷம்.

இதை எழுதுவது என்னைப் பெருமைப்படுத்திக்கொள்ள அல்ல. அந்தப் பாட்டியிடம் நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. தண்ணீர் வருகிறதா என்று பார்க்க அடுத்த முறை போனபோது, நல்லா வருதுப்பா என்று சந்தோஷமாகச் சொன்னார். அப்போதும் சொல்லவில்லை. ஒரு நாள் சொல்லணும்.

கிறிஸ்துவைப் பின்பற்றுவது என்றால் எல்லோரும் மொலோக்காய்க்குக் கப்பல் ஏற வேண்டும் என்பதில்லை. தமியானே தினமும் செய்தது பலகை அறுப்பதும், குழாய் பதிப்பதும், புண் கழுவுவதும், கடிதம் எழுதுவதும்தான். அந்த வேலைகளில் அவர் யாரையும் கணக்கில் விட்டுவிடவில்லை. எச்சில் நிற்காதவரைக்கூட. நம் வகுப்பில் டாக்டர் மனைவி, வாத்தியார் கணவன், பாங்க் மானேஜர், காண்டிராக்டர், வெளிநாட்டு மென்பொருள்காரன் என்று எல்லோரும் இருக்கிறோம். ஒவ்வொருவர் வேலையிலும் ஒரு கடைசிக் குழாய் இருக்கிறது. அது எது என்று நமக்குத் தெரியும். அதுவரை நடந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவோம்.

நண்பர்களே, நூலகத்தில் அந்தப் பழைய புத்தகம் இன்னும் இருக்கிறதா என்று இந்தச் சந்திப்பின்போது போய்ப் பார்க்கப் போகிறேன். யாராவது கூட வருவதானால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசல் வேப்பமரத்தடியில் நிற்பேன்.