ஆல்பர்ட் சாம்பியன்

ஆல்பர்ட் சாம்பியன் (ஏப்ரல் 5, 1878 - அக்டோபர் 26, 1927) பிரான்சு நாட்டைச் சேர்ந்த மிதிவண்டி, மோட்டார் சைக்கிள் பந்தய வீரரும் தொழிலதிபரும் ஆவார். தீப்பொறிச் செருகி (ஸ்பார்க் பிளக்) தயாரிப்பின் முன்னோடிகளுள் ஒருவரான இவரது பெயரை ஒட்டியே ஏசி, சாம்பியன் ஆகிய இரு வணிகப் பெயர்களும் தோன்றின.

இளமை

பாரிசு நகரின் பத்தினோல் பகுதியில் பிறந்த இவர், சிறுவயதில் மிதிவண்டித் தயாரிப்பாளர் ஒருவரிடம் ஏவலாளாகப் பணியாற்றினார். 1899 இல் தமது இருபதாம் வயதில், 268 கி.மீ. தொலைவு கொண்ட பாரிசு-ரூபே பந்தயத்தில் வெற்றி பெற்றார்.

மோட்டார் வழிகாட்டிப் பந்தயங்கள்

இவர் சிறந்து விளங்கிய இவ்வகைப் பந்தயத்தில், முன்னே செல்லும் மோட்டார் சைக்கிள் காற்றைத் தடுக்க, அதன் பின்சக்கரத்தை ஒட்டி வீரர் மிதிவண்டியில் விரைவார். காற்றின் தடை குறைவதால் வேகம் பெருமளவு கூடும். ஆனால் தடகள மிதிவண்டிக்குத் தடுப்பு (பிரேக்) கிடையாது. முன்வண்டியின் இயந்திரம் திணறினாலும் சக்கரம் வெடித்தாலும் பின்னால் வருபவர் விலக நேரம் இராது. இதனால் வீரர் பலர் உயிரிழந்தனர்.

அமெரிக்காவிற்குச் சென்ற சாம்பியன் மோட்டார் சைக்கிள் பந்தயங்களிலும் ஈடுபட்டார். 1903 இல் ஒரு மைல் தொலைவை ஒரு நிமிடத்திற்குள் கடந்தார். அதே ஆண்டு நியூயார்க்கின் பிரைட்டன் கடற்கரையில் நடந்த தானுந்துப் பந்தய விபத்தில் இவரது தொடையெலும்பு முறிந்தது. அதன் பின் ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகவே இருந்தது. எனினும் 1904 இல் பிரான்சின் மோட்டார் வழிகாட்டி மிதிவண்டிப் போட்டியில் தேசிய வாகையாளர் ஆனார்.

தொழில்

பந்தயங்களிலிருந்து விலகி, 1905 இல் பாஸ்டனில் தம் பெயரில் நிறுவனம் தொடங்கினார். அக்காலச் செருகிகளின் பீங்கான் வெப்பத்தில் வெடிப்பதும், எண்ணெய்க்கரி படிந்து பொறி நிற்பதும் வழக்கம். பந்தய வீரர்கள் இக்குறையை நன்கறிவர். 1908 இல் வில்லியம் டூரண்டின் அழைப்பை ஏற்று மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ட் நகருக்குச் சென்று, பியூக் தானுந்துகளுக்குச் செருகிகள் தயாரித்தார்.

பாஸ்டனில் பங்காளிகளாக இருந்த ஸ்ட்ரானஹான் குடும்பத்தினர் சாம்பியன் என்னும் பெயரைத் தாங்களே வைத்துக்கொண்டனர். எனவே தம் சொந்தப் பெயரையே பயன்படுத்த இயலாத நிலையில், 1922 இல் முதலெழுத்துக்களைக் கொண்டு தமது நிறுவனத்திற்கு ஏசி எனப் பெயரிட்டார்.

மறைவு

1927 மே மாதம் அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியாகக் கடந்த சார்லஸ் லின்ட்பெர்க்கின் வானூர்தியில் ஏசி செருகிகளே பொருத்தப்பட்டிருந்தன. அதே ஆண்டு அக்டோபரில் சாம்பியன் பாரிசில் காலமானார். அங்குள்ள பெர் லாசெசு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.