இராபர்ட் மெக்கரிசன்

சர் இராபர்ட் மெக்கரிசன் (மார்ச் 15, 1878 – மே 18, 1960) அயர்லாந்தில் பிறந்து, இந்தியாவில் பணியாற்றிய மருத்துவரும் ஊட்டச்சத்து ஆய்வாளரும் ஆவார். தமிழ்நாட்டின் நீலகிரி மாவட்டத்திலுள்ள குன்னூரில் இவர் 1918-இல் தொடங்கிய சிறிய ஆய்வுக்கூடமே பிற்காலத்தில் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. உணவில் ஏற்படும் குறைபாடு பெரிபெரி, ஸ்கர்வி போன்ற ஒருசில நோய்களை மட்டுமல்லாமல், குடல், சிறுநீர்ப்பை, நுரையீரல் முதலிய பல உறுப்புகளின் நோய்களையும் தோற்றுவிக்கக்கூடும் என்பதை விலங்குச் சோதனைகள் வழியாக எடுத்துக்காட்டியவர் இவர். உடல்நலத்தைக் காப்பது தனியொரு சத்து அன்று, முழு உணவே என்பது இவரது ஆய்வுகளின் சாரமாகும். ஆக்சிசனேற்றத் தடுப்பான்கள் குறித்த அண்மைக்கால ஆய்வுகளால் இக்கருத்து மீண்டும் கவனம் பெற்றுள்ளது.

பிறப்பும் கல்வியும்

மெக்கரிசன் அயர்லாந்தின் ஆர்மா கோட்டத்தைச் சேர்ந்த போர்ட்டடவுன் என்னும் ஊரில் பிறந்தார். இவ்வூர் இன்று வட அயர்லாந்தில் உள்ளது. பெல்பாஸ்ட் நகரின் குயின்சு கல்லூரியில் மருத்துவம் பயின்று 1900-இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தார்.

வடமேற்கு எல்லையில்

தொடக்கத்தில் இவர் வடமேற்கு எல்லைப்புறத்தில் உள்ள சித்ராலில் படை மருத்துவராக இருந்தார். அங்குக் கோடைக்காலத்தில் படைவீரர்களைத் தாக்கிய மூன்று நாள் காய்ச்சலைத் தனியொரு நோயாக இனங்கண்டு விவரித்தார். அது மணல் ஈக்களால் பரவக்கூடும் என்றும் கருதினார். இக்கருத்து சரியானது என்பது பின்னர் மெய்ப்பிக்கப்பட்டது.

1904 முதல் 1911 வரை கில்கித் பகுதியின் மருத்துவராகப் பணியாற்றினார். முன்கழுத்துக் கழலை அப்பகுதியில் பரவலாகக் காணப்பட்டது. அதன் காரணத்தை அறிவதற்காக, நோய் மிகுந்த ஊர்களின் நீரிலிருந்து பிரித்தெடுத்த கசடைத் தாமே உட்கொண்டு சோதித்தார். மாசடைந்த நீரிலுள்ள நுண்ணுயிர்களே கழலைக்குக் காரணம் என்ற முடிவுக்கு வந்தார். அயோடின் குறைபாடே இந்நோய்க்கு முதன்மைக் காரணம் என்று இன்று நிறுவப்பட்டுள்ளது. கழலை நோய் பற்றிய இவரது நூல் 1913-இல் வெளிவந்தது. அதே ஆண்டில் கசௌலியிலிருந்த மத்திய ஆராய்ச்சி நிலையத்துக்கு மாற்றப்பட்டார். முதல் உலகப் போர் தொடங்கியதும் படைப்பணிக்கு அழைக்கப்பட்டார்.

கில்கித்தை அடுத்த உன்சா பள்ளத்தாக்கு மக்களின் உடல்வலிமை இவரை வெகுவாகக் கவர்ந்தது. அவர்கள் தவிடு நீக்காத தானியம், காய்கறி, பழம், பால் ஆகியவற்றை உண்டனர். அவர்களிடையே குடல் நோய்கள் அரிதாகவே உள்ளன என்று இவர் எழுதினார். இக்கருத்தைப் பிறர் பெரிதுபடுத்தி, உன்சா மக்கள் நோயே அறியாதவர்கள் என்னும் கதையாக்கினர். பிற்காலத்தில் அங்குச் சென்று மருத்துவ உதவி செய்தவர்கள் பலவகை நோய்களையும் வறுமையையும் கண்டனர்.

குன்னூர் ஆய்வுக்கூடம்

1918-இல் பெரிபெரி நோயை ஆராயும் பொறுப்பு மெக்கரிசனுக்கு அளிக்கப்பட்டது. குன்னூரிலிருந்த பாஸ்டர் ஆய்வு நிலையத்தில் ஓர் அறையில் இப்பணி தொடங்கியது. உயிர்ச்சத்துகள் என்னும் கருத்து அப்போது புதியது. அவற்றில் ஒன்றுகூடத் தூய நிலையில் பிரித்தெடுக்கப்பட்டிருக்கவில்லை.

தீட்டிய அரிசியை மட்டும் உண்ட புறாக்களையும், சத்துக்குறைவான உணவு அளிக்கப்பட்ட குரங்குகளையும் சீமைப்பெருச்சாளிகளையும் இவர் ஆராய்ந்தார். நரம்புத் தளர்ச்சியோ ஈறுகளில் குருதிக்கசிவோ தோன்றும் முன்பே அவ்விலங்குகளின் குடற்சுவர் மெலிவதையும், பெருங்குடல் அழற்சி உண்டாவதையும், அட்ரீனல் சுரப்பிகள் மாறுதல் அடைவதையும் கண்டார். நோய் என்று பெயர் சூட்டக்கூடிய நிலையை எட்டாத குறைபாடும் உடலைக் கெடுக்கிறது என்பது இதனால் விளங்கியது. இம்முடிவுகள் 1921-இல் நூலாக வெளிவந்தன.

1923-இல் அரசின் செலவுக் குறைப்பு நடவடிக்கையால் இவ்வாய்வு நிறுத்தப்பட்டது. 1925-இல் மீண்டும் தொடங்கியது. 1929 முதல் 1935 வரை மெக்கரிசன் ஊட்டச்சத்து ஆராய்ச்சியின் இயக்குநராக விளங்கினார்.

அரிசியும் பெரிபெரியும்

அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பைப் பற்றி இவர் நாரிசு என்பவருடன் இணைந்து எழுதிய ஆய்வேடு 1924-இல் வெளியானது. அக்காலச் சென்னை மாகாணத்தில் இந்நோய் தெலுங்கு பேசும் வடகடலோர மாவட்டங்களில் மிகுந்து காணப்பட்டது. அங்குத் தீட்டிய பச்சரிசி உண்ணும் வழக்கம் இருந்தது. புழுங்கல் அரிசி உண்ணும் தமிழ் மாவட்டங்களில் நோய் அரிதாக இருந்தது. நெல்லை ஊறவைத்து வேகவைக்கும்போது தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்தின் ஒரு பகுதி அரிசியின் உட்பகுதிக்குள் சென்றுவிடுகிறது. ஆகவே பின்னர்த் தீட்டினாலும் அது முற்றிலும் இழக்கப்படுவதில்லை. வீடுகளில் நெடுங்காலமாக இருந்துவந்த ஒரு வழக்கத்தின் மருத்துவப் பயன் இவ்வாறு தெளிவாயிற்று.

எலிச் சோதனைகள்

மெக்கரிசனின் ஆய்வுகளுள் மிகவும் அறியப்பட்டவை வெள்ளெலிகளைக் கொண்டு செய்யப்பட்டவை. ஆய்வுக்கூடத்தில் இனப்பெருக்கத்துக்காக வளர்க்கப்பட்ட எலிகளுக்குச் சீக்கியரின் உணவை ஒத்த உணவு அளிக்கப்பட்டது. முழுக்கோதுமைச் சப்பாத்தி, வெண்ணெய், முளைகட்டிய கடலை, பச்சைக் காரட், முட்டைக்கோசு, பால், வாரம் ஒருமுறை எலும்புடன் சிறிது இறைச்சி ஆகியன அதில் அடங்கும். தூய்மையும் காற்றும் வெயிலும் நிறைந்த இடத்தில் வளர்ந்த இவ்வெலிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை பிணக்கூறாய்வு செய்யப்பட்டன. அவற்றில் நோய் மிக அரிதாகவே காணப்பட்டது. அதே சூழலில் குறைபாடுள்ள உணவுகளை உண்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளிடம் நுரையீரல் அழற்சி, காது நோய், குடற்புண், சிறுநீர்ப்பைக் கல், கண் நோய் முதலியவை கண்டறியப்பட்டன. உயிர்ச்சத்து ஏ குறைந்த உணவு சிறுநீர்ப்பைக் கல் உருவாகத் துணைபுரிகிறது என்றும் இவர் காட்டினார்.

மற்றொரு சோதனையில் இந்தியாவின் பல பகுதி உணவுகள் ஒப்பிடப்பட்டன. சீக்கிய உணவை உண்ட எலிகள் மிகுந்த எடை பெற்றன. பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடர், வங்காளியர் உணவுகள் அடுத்தடுத்து வந்தன. சென்னை மாகாணத்தவரின் உணவு எனப்பட்டது கடைசி இடத்தைப் பெற்றது. அவ்வுணவில் தீட்டிய அரிசி மிகுதியாகவும், பால், கீரை, காய்கறி ஆகியவை மிகக் குறைவாகவும் இருந்தன. வெள்ளை ரொட்டி, செயற்கை வெண்ணெய், சர்க்கரையிட்ட தேநீர், வேகவைத்த காய்கறி, தகர டப்பா இறைச்சி ஆகியவை கொண்ட ஏழை ஆங்கிலேயர் உணவும் இதேபோல் சோதிக்கப்பட்டது. அதை உண்ட எலிகள் வளர்ச்சி குன்றி, ஒன்றையொன்று தாக்கத் தொடங்கின.

கோயம்புத்தூர் வேளாண் ஆய்வாளர் விசுவநாத் என்பவருடன் சேர்ந்து, மாட்டெரு இட்டு விளைந்த தானியத்தையும் வேதியுரம் இட்டு விளைந்த தானியத்தையும் ஒப்பிட்டு 1926-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மாட்டெருவில் விளைந்தது கூடுதல் சத்துடையது என்பது இவர்களது முடிவு. இம்முடிவு பின்னர் விவாதத்துக்கு உள்ளானது என்றாலும், இயற்கை வேளாண்மை இயக்கத்தினரிடையே பெரும் செல்வாக்குப் பெற்றது.

ஆய்வுகளின் வரம்புகள்

எலி தன் உடலிலேயே உயிர்ச்சத்து சி-யை உற்பத்தி செய்துகொள்ளும். மனிதனால் அது இயலாது. எனவே இச்சத்தைப் பொறுத்தவரை எலிகளில் கண்ட முடிவுகள் மனிதருக்கு அப்படியே பொருந்தா. மெக்கரிசனும் ஸ்கர்வி ஆய்வுகளுக்கு இச்சத்தை உற்பத்தி செய்ய இயலாத சீமைப்பெருச்சாளிகளையே பயன்படுத்தினார்.

ஓர் இனத்தவர் அனைவரும் ஒரே உணவை உண்பதாகக் கொண்டது மற்றொரு குறையாகும். சீக்கிய உணவு என்று இவர் எடுத்துக்கொண்டது நிலமும் மாடும் உடைய உழவர் குடும்பத்தின் உணவு. சென்னை உணவு என்று எடுத்துக்கொண்டது பெரும்பாலும் வறியவர்களின் உணவு. ஆகவே இவ்வொப்பீடு காட்டிய வேறுபாட்டில் இனத்தைவிட வறுமைக்கே பங்கு மிகுதி எனலாம்.

ஆக்சிசனேற்றத் தடுப்பான்களும் மெக்கரிசனின் கருத்தும்

உடலில் ஆக்சிசன் பயன்படும்போது எளிதில் வினைபுரியும் நிலையற்ற மூலக்கூறுகள் உருவாகின்றன. இவை உயிரணுக்களின் கொழுப்பு, புரதம், மரபுப்பொருள் ஆகியவற்றைத் தாக்கக்கூடியவை. இத்தாக்குதலைத் தணிக்கும் பொருள்கள் ஆக்சிசனேற்றத் தடுப்பான்கள் எனப்படுகின்றன. உயிர்ச்சத்து சி, உயிர்ச்சத்து ஈ, கரோட்டின்கள், காய்கனிகளிலுள்ள பாலிபீனால்கள் ஆகியவை இவ்வகையின. மெக்கரிசன் காலத்தில் இச்சொல் ஊட்டச்சத்து இயலில் இன்றுபோல் பரவலாக வழங்கவில்லை. ஆயினும் அவரது நல்லுணவிலிருந்த காரட், முட்டைக்கோசு, முளைகட்டிய கடலை, முழுக்கோதுமை ஆகிய அனைத்தும் இப்பொருள்களைக் கொண்டவை.

காய்கறியும் பழமும் மிகுதியாக உண்போரிடம் இதய நோயும் சில புற்றுநோய்களும் குறைவாக இருப்பது 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கவனிக்கப்பட்டது. இதற்கு ஆக்சிசனேற்றத் தடுப்பான்களே காரணமாயின், அவற்றை மாத்திரையாகத் தந்தாலும் பயன் கிடைக்க வேண்டும். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடத்தப்பட்ட சோதனையின் முடிவு 1994-இல் வெளியானது. பீட்டா கரோட்டின் மாத்திரை உட்கொண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அமெரிக்காவில் நடந்த இதேபோன்ற சோதனை தீங்கு தெரிந்ததால் 1996-இல் முன்னதாகவே நிறுத்தப்பட்டது. பிரித்தானியாவில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2002-இல் வெளியான சோதனையில் சி, ஈ, பீட்டா கரோட்டின் மாத்திரைகளால் இதய நோய் குறையவில்லை.

மாறாக, சத்துக்குறைவு நிலவிய சீனாவின் லின்சியன் பகுதியில் பீட்டா கரோட்டின், உயிர்ச்சத்து ஈ, செலினியம் ஆகியவற்றைச் சேர்த்து அளித்தபோது இரைப்பைப் புற்றுநோய் இறப்புகள் குறைந்தன. இது 1993-இல் அறிவிக்கப்பட்டது. குறைபாடு உள்ளவருக்கு அதை நிறைவு செய்வது நன்மை தரும். போதிய அளவு உண்பவருக்கு மேலும் சேர்ப்பது நன்மை தருவதில்லை, சிலருக்குத் தீங்கும் தரும் என்பதை இச்சோதனைகள் காட்டுகின்றன.

தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு வேலூரில் உள்ளது. உயிர்ச்சத்து ஏ குறைபாட்டால் சிறு குழந்தைகள் கண்பார்வை இழப்பது 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அப்பகுதியில் பெரிய சிக்கலாக இருந்தது. 1960-களில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் குழந்தைகளுக்குக் கீரை சேர்த்த உணவளித்துச் சோதித்தனர். கீரையிலுள்ள கரோட்டினால் குழந்தைகளின் குருதியில் உயிர்ச்சத்து ஏ அளவு உயர்ந்தது. புகைபிடிப்போருக்கு மாத்திரையாகத் தரப்பட்டபோது தீங்கு செய்த அதே பொருள், குறைபாடுள்ள குழந்தைக்குக் கீரை வழியாகச் சென்றபோது கண்ணைக் காக்கும் மருந்தாயிற்று.

இறுதிக்காலம்

மெக்கரிசன் இந்தியப் பள்ளிகள், கல்லூரிகள், நலவாழ்வு மையங்கள் ஆகியவற்றுக்காக உணவு பற்றிய எளிய கையேடு ஒன்றை 1928-இல் வெளியிட்டார். 1933-இல் சர் பட்டம் பெற்றார். 1935-இல் மேஜர் ஜெனரல் தகுதியுடன் ஓய்வு பெற்று ஆக்சுபோர்டில் குடியேறினார். 1936-இல் இலண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில் தமது குன்னூர் ஆய்வுகளைத் தொகுத்துரைத்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆக்சுபோர்டில் பட்டமேற்படிப்பு மருத்துவக் கல்வியின் இயக்குநராக 1955 வரை இருந்தார். 1960-இல் காலமானார்.

நினைவும் தாக்கமும்

குன்னூரில் இவருக்குப் பின் இயக்குநரான ஐக்ராய்டு, இந்திய உணவுப் பொருள்களின் சத்து அளவுகளைப் பட்டியலிட்டு 1937-இல் வெளியிட்டார். ஆய்வுக்கூடம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. இங்கிலாந்தில் இவரது பெயரில் மெக்கரிசன் கழகம் 1966-இல் தொடங்கப்பட்டது. கழலைக்கு இவர் கூறிய காரணம் இன்று ஏற்கப்படுவதில்லை. ஆனால் தீட்டாத தானியம், கீரை, காய்கறி, பால் ஆகியவற்றை அன்றாட உணவில் சேர்க்க வேண்டும் என்ற இவரது பரிந்துரை இன்றைய இந்திய உணவு வழிகாட்டிகளிலும் இடம்பெற்றுள்ளது.